பால் கொடுக்கும் கினிப்பன்றிக்குச் சொறி வந்தால்: செலாமெக்டின் சொட்டு மருந்து பற்றி

குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் கினிப்பன்றிக்குச் சொறி வந்துவிட்டது, எந்த மருந்து போடலாம் என்று தேடி வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவசரத்தில் இருப்பீர்கள், அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடரியில் விடும் செலாமெக்டின் சொட்டு மருந்து நல்ல மருந்து. எங்கள் வீட்டுத் தாய்க்கும் குட்டிகளுக்கும் அதுதான் கேட்டது, இன்னொரு முறை இதே நிலை வந்தாலும் டாக்டரிடம் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். ஆனால் அந்தச் சின்னக் குழாய் நாய்க்கும் பூனைக்கும் என்று செய்யப்பட்டது. அதை அப்படியே திறந்து நூறு கிராம் குட்டியின் மேல் கவிழ்த்தால் குட்டிக்கு வேண்டியதைப் போலப் பத்து மடங்கு மருந்து இறங்கிவிடும். இந்த மருந்தில் நல்லதும் கெட்டதும் அளவில்தான் இருக்கிறது, அதனால் கீழே நிறைய இடத்தில் அளவைப் பற்றியேதான் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்தப் பூச்சி என்று பார்த்துவிடலாம். டிரிக்சகாரஸ் கேவியே என்ற சிற்றுண்ணிதான் பெரிய தொல்லை. கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குள் குடைந்து போய் அங்கேயே முட்டையிடும், அரிப்பு அப்படி ஒரு அரிப்பு. 1972இல்தான் இதைத் தனி இனமாக விவரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். கைரோடிஸ்காய்டஸ் கேவியே என்று இன்னொன்று உண்டு, அது முடியைப் பிடித்துக்கொண்டு வாழ்வது, பெரும்பாலும் முதுகின் பின்பக்கத்தில் இருக்கும், பல கினிப்பன்றிகளில் எந்தத் தொந்தரவும் தராமலே இருந்துவிடும். பேன் வேறு, அதை உற்றுப் பார்த்தால் முடிக்கிடையில் ஊர்வது தெரியும். முதுகிலும் தோள்பட்டையிலும் தொடையின் உள்பக்கத்திலும் முடி கொட்டி, தோல் தடித்து, பொடுகு மாதிரி உதிர்ந்து, அப்புறம் பொருக்குக் கட்டி, தொட்டாலே துடிக்கிறது என்றால் பெரும்பாலும் டிரிக்சகாரஸ்தான்.

துடிப்பது என்று சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரிப்பு முற்றிய கினிப்பன்றி சொறியும்போதே நிலை தடுமாறிச் சாய்ந்து, கால்களை உதைத்து, வலிப்பு வந்தது போலவே ஆகிவிடும். பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் நமக்குக் கை நடுங்கும். எங்கள் தாய் குட்டிகளோடு படுத்திருந்தபோது இது வந்தது, குட்டிகள் நாலாபக்கமும் சிதறி ஓடின. பிறகு அவை பால் குடிக்க வயிற்றுக்கடியில் நுழைந்தாலே அது எழுந்து போக ஆரம்பித்தது, ஏனென்றால் தொடையிடுக்கில்தான் பொருக்கு அதிகம், கினிப்பன்றிக்கு இருப்பதே இரண்டு காம்பு, அவை இருப்பதும் அந்தத் தொடையிடுக்குப் பக்கத்தில்தான். குட்டி முட்டி முட்டிக் குடிக்கும்போது தாய்க்கு எரியும். ஆக, பூச்சி தாயின் தோலில் இருந்தாலும் அதன் விலையைக் குட்டியின் எடை கொடுத்துக்கொண்டிருந்தது. பால் கொடுத்து முடியட்டும், மூன்று வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். லேசான முடிப்பூச்சிக்கு அது பொருந்தலாம். டிரிக்சகாரஸ் முற்றியிருந்தால் பொறுப்பது இரக்கமே இல்லாத யோசனை என்பது என் கருத்து.

ஆனால் முடி கொட்டுவதெல்லாம் பூச்சியும் இல்லை. சினைக்காலத்தின் கடைசியிலும் பால் கொடுக்கும் நாட்களிலும் தாய்க்கு இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி மெலிந்துபோகும். அரிப்பு இருக்காது, தோல் வழவழவென்று சுத்தமாக இருக்கும். அது தானாகவே சரியாகிவிடும், மருந்து வேண்டாம். குட்டிகளின் மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் காதிலும் வட்டமாக முடி போய்ச் செதில் படிந்தால் படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம், அது பூஞ்சை, செலாமெக்டின் அதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் மருந்து போடுவதற்கு முன் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் டாக்டரிடம் போவது நல்லது. சுரண்டிப் பார்த்தும் பூச்சி கிடைக்காமல் போகலாம், ஆழத்தில் இருக்குமல்லவா, அப்போது அறிகுறியை வைத்தே நல்ல டாக்டர்கள் மருந்து கொடுத்துவிடுவார்கள். அதில் தவறே இல்லை.

சரி, மருந்துக்கு வருவோம். செலாமெக்டினும், சொறிக்கு ஊசியாகப் போடும் ஐவர்மெக்டினும் ஒரே குடும்பம். மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்த குடும்பம் அது. ஐவர்மெக்டினுக்கு வழிதிறந்த அந்தக் கண்டுபிடிப்புக்காகத்தான் 2015இல் சதோஷி ஒமுராவும் வில்லியம் கேம்ப்பெல்லும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பூச்சியின் நரம்பைச் செயலிழக்கச் செய்து கொல்வதுதான் இரண்டின் வேலையும். செலாமெக்டின் ஜோயட்டிஸ் நிறுவனத்தின் ரெவல்யூஷன், ஸ்ட்ராங்ஹோல்ட் என்ற பெயர்களில் கிடைக்கிறது, வேறு நிறுவனங்களும் செய்கின்றன. தோலில் விட்டால் உள்ளே உறிஞ்சப்பட்டு உடம்பு முழுக்கப் போகும், ஊசி தேவையில்லை. நாய்க்குச் சொறிப்பூச்சி, பூனைக்கும் நாய்க்கும் காதுப்பூச்சி, தெள்ளு, கடிக்கும் பேன் எல்லாவற்றுக்கும் லேபிளிலேயே அனுமதி உண்டு. சினையாக இருக்கும், பால் கொடுக்கும் நாய்க்கும் பூனைக்கும் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம் என்பதும் லேபிளில் இருப்பதுதான், என்னை முதலில் இழுத்தது அந்த வரி. கினிப்பன்றி என்ற பெயர் மட்டும் லேபிளில் இல்லை. டாக்டர் தன் பொறுப்பில் எழுதிக் கொடுக்கிறார். கினிப்பன்றிகளிலேயே ஊசி ஐவர்மெக்டினையும் சொட்டு செலாமெக்டினையும் ஒப்பிட்டு ஆய்வு செய்திருக்கிறார்கள், இரண்டும் டிரிக்சகாரஸைத் தீர்த்தன, ஆனால் ஊசியைப் பலமுறை போட வேண்டியிருந்தது. பயந்த சுபாவமுள்ள ஒரு தாயை அடிக்கடி பிடித்து ஊசி போடுவதா, பிடரியில் நாலு சொட்டு விடுவதா என்று கேட்டால் எனக்கு யோசிக்கவே தேவையில்லை. அதிலும் குட்டி போட்ட முதல் வாரத்தில் கினிப்பன்றிக்கு அதிர்ச்சியும் பட்டினியும் சேர்ந்தால் நஞ்சேற்றம் (உடம்பிலேயே நஞ்சு சேர்வது) வந்து செத்துப்போகும் அபாயம் உண்டு, குறிப்பாக உடம்பு பெருத்த தாய்க்கு. எவ்வளவு குறைவாகக் கையில் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

இனி அளவு. கினிப்பன்றிக்கு டாக்டர்கள் பொதுவாகச் சொல்வது ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. முதல் 30 மி.கி. வரை. பால் கொடுக்கும் தாய் என்பதால் எங்கள் டாக்டர் கீழ் அளவான 15ஐத்தான் எடுத்துக்கொண்டார். நாய்க்குட்டி, பூனைக்குட்டிக்கான மிகச் சிறிய குழாயில் இருப்பது 15 மி.கி., அது 0.25 மி.லி.யில் கரைந்திருக்கிறது. அதாவது ஒரு கிலோ எடையுள்ள தாய்க்கு ஒரு குழாய், 900 கிராம் தாய்க்கு 0.22 மி.லி. போல. பெரியவற்றுக்கு இது வசதியான கணக்கு. ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். சின்ன நாய்க்கான அடுத்த அளவுக் குழாயும் அதே 0.25 மி.லி.தான், அதற்குள் இருப்பதோ 30 மி.கி. குழாயின் உருவமும் அளவும் ஒன்றுபோலவே இருக்கும், மருந்து இரண்டு மடங்கு. மில்லி லிட்டரைப் பார்க்காதீர்கள், மில்லி கிராமைப் பாருங்கள். அப்புறம், பெயரோடு ‘பிளஸ்’ என்று சேர்ந்து வரும் பூனை மருந்தை எடுத்துவிடாதீர்கள். அதில் செலாமெக்டினோடு சரோலனர் என்று இன்னொரு மருந்தும் இருக்கிறது, அந்த வகை மருந்துகள் சில நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் எச்சரித்திருக்கிறது. பால் குடிக்கும் குட்டி இருக்கும் கூண்டுக்கு அது தேவையே இல்லை.

குட்டிக்கு வந்தால் கணக்கு கத்தி முனையில் நிற்கிறது. கினிப்பன்றிக் குட்டி பிறக்கும்போதே 60 முதல் 100 கிராம் இருக்கும். 100 கிராம் குட்டிக்கு 15 மி.கி. என்ற கணக்கில் வேண்டியது 1.5 மி.கி., அதாவது 0.025 மி.லி. கிட்டத்தட்ட ஒரே ஒரு சொட்டு, அவ்வளவுதான். அந்தக் குழாய் அளந்து விடும்படி செய்யப்பட்டதில்லை. மூடியை அழுத்தித் துளைத்த பிறகு ஒரே அமுக்கில் முழுவதும் வெளியே வருவதற்காகச் செய்தது. இதுதான் இந்த மருந்தில் எனக்கு இருக்கும் மிகப் பெரிய குறை. மருந்தை ஊசி வழியே 1 மி.லி. சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்து, பிறகு ஊசியைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சின் முனையால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதில் ஒரு கோடு என்பது 0.01 மி.லி., ஆக இரண்டரைக் கோடு. நல்ல வெளிச்சமும் நடுங்காத கையும் வேண்டும். இதை டாக்டரே எடை பார்த்து ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனி சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்துவிட்டால் அதைவிட நிம்மதி கிடையாது, வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். மீதியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். மருந்து கரைந்திருப்பது ஐசோபுரோபைல் ஆல்கஹாலில், திறந்து வைத்தால் ஆவியாகும், ஆவியானால் மிச்சமிருப்பதன் செறிவு கூடும். செறிவு தெரியாத மருந்தைக் குட்டிக்கு விடக் கூடாது. அன்றைக்கே எல்லாவற்றுக்கும் போட்டு முடித்துவிட்டு மீதியை டாக்டரிடம் கொடுத்து அழிக்கச் சொல்வதே சரி.

இதே இடத்தில் ஐவர்மெக்டினைப் பார்த்தால் இன்னும் கஷ்டம். 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. இருக்கும். கிலோவுக்கு 0.4 மி.கி. என்று வைத்தால் ஒரு கிலோ தாய்க்கு 0.04 மி.லி., 100 கிராம் குட்டிக்கு 0.004 மி.லி. சிரிஞ்சில் அரைக் கோடுகூட இல்லை. டாக்டர் அதை நீர்க்கச் செய்து கொடுத்தால்தான் உண்டு. குதிரைக்கான பேஸ்ட்டை ஒரு அரிசி அளவு எடுத்து வாயில் தடவினால் போதும் என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்குகிறது. அந்தப் பேஸ்ட்டில் ஒரு கிராமுக்கு 18.7 மி.கி. ஐவர்மெக்டின் இருக்கிறது. ஒரு கிலோ தாய்க்கு வேண்டியது ஒரு கிராமில் ஐம்பதில் ஒரு பங்கு, குட்டிக்கு வேண்டியது ஐந்நூறில் ஒரு பங்கு. இதைக் கண்ணால் அளக்க யாராலும் முடியாது. அரை டன் எடையுள்ள மிருகத்துக்குச் செய்த பேஸ்ட் அது.

பாலில் மருந்து போகுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. போகும். இந்தக் குடும்ப மருந்துகள் கொழுப்பில் கரைபவை, அதனால் பாலிலும் ஓரளவு வரும். மருந்து பெரும்பாலும் மலத்தோடு வெளியேறுகிறது, குட்டிகள் தாயின் புழுக்கையைத் தின்னும், அந்த வழியிலும் கொஞ்சம் போகும். வளர்ந்த விலங்குகளில் இந்த மருந்துகள் மூளைக்குள் நுழையாமல் தடுத்துத் திருப்பி அனுப்பும் ஒரு புரதம் இருக்கிறது. கோலி வகை நாய்கள் பலவற்றில் அதன் மரபணு பழுதாக இருப்பதால்தான் ஐவர்மெக்டின் அவற்றுக்கு விஷமாகிறது. எலிக்குட்டிகளில் பிறந்த சில நாட்களுக்கு இந்தத் தடுப்பு முழுதாக வளர்வதில்லை, தாய்ப்பால் வழியே வந்த ஐவர்மெக்டினே அவற்றைப் பாதித்திருக்கிறது. கினிப்பன்றிக் குட்டி எலிக்குட்டி மாதிரி கண் மூடிக்கொண்டு மொட்டையாகப் பிறப்பதில்லை, ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு மேல் வயிற்றில் இருந்துவிட்டு முடியோடும் பல்லோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, ஓரிரு நாளில் புல்லைக் கொறிக்க ஆரம்பித்துவிடும். அதனால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை என்று எங்கள் டாக்டர் நினைத்தார். ஆனாலும் நாய்க்குட்டிக்கு ஆறு வாரம், பூனைக்குட்டிக்கு எட்டு வாரம் ஆன பிறகே என்று லேபிளில் வயது வரம்பு போட்டிருப்பதை அவர் மறக்கவில்லை. அதனால் அவர் எடுத்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. தாய்க்கு உடனே, கீழ் அளவில். குட்டிகளில் சொறி தெரியும் ஒன்றுக்கு மட்டும் எடை பார்த்து ஒரு சொட்டு. தோல் சுத்தமாக இருக்கும் மற்றவற்றுக்குப் பால் மறந்த பிறகு. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட்டுத் தள்ளுவதுதான் சரி என்று சில டாக்டர்கள் சொல்வார்கள், அதிலும் நியாயம் உண்டு, ஒரு குட்டியில் மிஞ்சிய பூச்சி தாய்க்குத் திரும்பிவிடும் என்பது உண்மைதான். எடையும் வயதும் பார்த்து முன்னால் இருக்கும் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

போடும் விதம். தாயைத் தனியே எடுத்து, பிடரிக்குக் கீழே இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் முடியை விலக்கி, தோல் வெள்ளையாகத் தெரிந்ததும் தோலிலேயே விட வேண்டும். முடியின் மேல் விட்டால் வீண். பொருக்கு வெடித்த புண்ணின் மேல் விடக் கூடாது, ஆல்கஹால் எரியும், மருந்தும் வேகமாக உள்ளே போகும். காய்வதற்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குட்டிகள் தாயின் மேல் ஏறி விளையாடும், நக்கும், அதனால் அதுவரை அவற்றைப் பக்கத்துக் கூண்டில் ஒளிந்துகொள்ள மறைவிடமும் புல்லும் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துவிட்டோம், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கதகதப்பாக இருந்தன. இந்தச் சின்ன இடைவெளியில் பால் இல்லாமல் ஒன்றும் ஆகாது, அவை நாள் முழுக்கப் பாலை மட்டும் நம்பி இருப்பவை இல்லை. காய்ந்ததும் திரும்பச் சேர்த்தோம். தாய் ஒதுக்கவில்லை, மருந்தின் வாடையை முகர்ந்துவிட்டுக் குட்டிகள் நேராக வயிற்றுக்கடியில் போய்விட்டன. காம்பிலோ வயிற்றிலோ தொடையிடுக்கிலோ எந்த மருந்தும், எந்தக் களிம்பும், எந்த எண்ணெயும் தடவாதீர்கள். அங்கேதான் பொருக்கு அதிகமாக இருக்கும், கை தானாகவே அங்கே போகும், தெரியும். ஆனால் அங்கே தடவுவது எல்லாம் அடுத்த நிமிடம் குட்டியின் வாயில்.

பலன் உடனே தெரிந்துவிடாது. முதல் இரண்டு மூன்று நாட்கள் சொறிவது குறையவே இல்லை, செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலுக்குள் இருக்கும்வரை அரிப்பு இருக்கத்தானே செய்யும். ஒரு வாரம் போனதும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது, தாய் கால் நீட்டிப் படுத்து குட்டிகளைக் குடிக்க விட்டது. பொருக்கு தானாக உதிர்ந்தது, பிய்த்து எடுக்கக் கூடாது. பிறகு மெல்லிய முடி. செலாமெக்டினோ ஐவர்மெக்டினோ இந்தச் சிற்றுண்ணியின் முட்டையைக் கொல்வதில்லை, முட்டை பொரித்து வருவதைப் பிடிக்க இரண்டாம் முறை போட்டே ஆக வேண்டும். செலாமெக்டினுக்கு இரண்டிலிருந்து நாலு வாரம் கழித்து, ஐவர்மெக்டின் என்றால் ஏழிலிருந்து பதினாலு நாளுக்கு ஒருமுறை குறைந்தது மூன்று முறை. குணமாகிவிட்டதே என்று இரண்டாவதை விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குபவர்கள் நிறையப் பேர். அடுத்த தேதியை அன்றைக்கே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

இந்த நாட்களில் நம்பக்கூடிய ஒரே கருவி கிராம் காட்டும் தராசு. தினமும் ஒரே நேரத்தில் குட்டிகளை நிறுத்துப் பாருங்கள். பிறந்த முதல் ஓரிரு நாளில் லேசாகக் குறைவது சகஜம், அதன் பிறகு தினமும் ஏற வேண்டும். மருந்துக்குப் பிறகு குட்டியோ தாயோ தள்ளாடினாலோ, வாயில் எச்சில் ஒழுகினாலோ, சோர்ந்து எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ, சாப்பிடாமல் நிறுத்திவிட்டாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். தாய் முன்பு சொன்னது போல வலிப்பு மாதிரி துடித்தால் அதற்கும் அப்படியே. டாக்டர்கள் அதை அடக்க டயசெபாம் கொடுப்பார்கள், நாம் தொட்டுத் தடவி ஆறுதல்படுத்துகிறேன் என்று தொட்டால் தூண்டிவிடுவதாக ஆகிவிடும், இருட்டாக்கி அமைதியாக விட வேண்டும். பின்னங்கால் நகங்களை முன்பே வெட்டி வைப்பது புண் ஆழமாவதைத் தடுக்கும். கீறிய புண் சீழ்பிடித்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படும், அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாய்வழியே கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா அழிந்து அதுவே உயிரை எடுத்துவிடும். நாய், பூனை மட்டும் பார்த்துப் பழகிய டாக்டர் எழுதிக் கொடுத்தால் பணிவோடு ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் ஸ்ப்ரேயையும் பவுடரையும் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் முதலில் வாங்குவது அதைத்தான். முடியில் வாழும் பூச்சிக்கும் பேனுக்கும் அவற்றில் சில ஓரளவு உதவும், தோலுக்குள் குடைந்திருக்கும் டிரிக்சகாரஸை எட்டவே எட்டாது. ஒரு கடையில் எங்களுக்கு எடுத்துக் கொடுத்த ஸ்ப்ரேயில் பால் கொடுக்கும் தாய், குட்டி என்று ஒரு வார்த்தையும் இல்லை, எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதும் எடைக் கணக்கில் இல்லை. அதைத் திறக்கவே இல்லை. பவுடர் குட்டியின் மூக்கில் ஏறும், தாய் நக்கும். நாய்க்கான பெர்மெத்ரின், ஃபிப்ரோனில் சொட்டு மருந்துகள் வேறு விஷயம், பெட்டி ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு. ஃபிப்ரோனிலை முயலுக்குப் போடக் கூடாது என்று லேபிளிலேயே எச்சரிக்கை இருக்கிறது, கினிப்பன்றிக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை. டீ ட்ரீ எண்ணெயும் வேண்டாம், இயற்கை என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம், சின்ன உடம்புக்கு அது நஞ்சு. மருந்துக்கு மாற்று என்று ஒன்று இருந்தால் அது டாக்டர் மேற்பார்வையில் லைம் சல்ஃபர் (சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த) கரைசல், தோலுக்குள் உறிஞ்சி மூளைக்குப் போகும் கவலை அதில் இல்லை. ஆனால் அழுகிய முட்டை நாற்றம், மஞ்சளாகக் கறை படியும், வாரம் ஒருமுறை நனைக்க வேண்டும், நனைந்த குட்டிக்குக் குளிர் பிடிக்கும். அதனால் அது என் இரண்டாவது தேர்வு மட்டுமே.

கூண்டைச் சும்மா விட்டுவிட்டு மருந்தை மட்டும் நம்பினாலும் வேலை ஆகாது. மருந்து போடும் அன்றே பழைய புல்லை எல்லாம் வெளியேற்றி, விரிப்புத் துணியை வெந்நீரில் துவைத்து, மரத்தால் ஆன மறைவிடத்தை மாற்றி, அப்புறம் ஒரு வாரத்துக்கு அடிக்கடி சுத்தம் செய்தோம். தாய்க்கு வைட்டமின் சி கூடுதலாக வேண்டும், கினிப்பன்றியால் அதைத் தானே உடம்பில் செய்துகொள்ள முடியாது, குறைந்தால் தோல் ஆறாது. தண்ணீரில் கலந்து வைத்தால் கெட்டுப்போகும், நேரடியாகக் கொடுப்பதே நல்லது. உங்கள் கையில் சிவந்து தடித்தால் பதற வேண்டாம், டிரிக்சகாரஸ் மனிதத் தோலில் கொஞ்ச நாள் அரிப்பை உண்டாக்கும், ஆனால் நம் மேல் அது பெருகி வாழாது. கினிப்பன்றிக்குச் சரியானதும் நமக்கும் நின்றுவிடும்.

தந்தையை மறந்துவிடாதீர்கள். அதே கூண்டில் இருந்த ஆணுக்கும் பூச்சி இருக்கும், சொறியாமல் இருந்தாலும் இருக்கும், அதற்கும் அதே நாளில் எடை பார்த்து மருந்து போட வேண்டும், ஆனால் வேறு கூண்டில் வைத்து. கினிப்பன்றி குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடியும் சினை பிடிக்கும். சொறியும் பாலும் சினையும் மூன்றும் சேர்ந்து ஒரு தாயின் மேல் விழுந்தால் எந்த மருந்தும் அதைத் தூக்கி நிறுத்தாது. ஆண் குட்டிகளையும் மூன்று வாரத்தில் பிரித்துவிட வேண்டும், அப்போதே அவற்றால் தாயைச் சினையாக்க முடியும். அந்தப் பிரிக்கும் நாளும் தாயின் இரண்டாம் தவணையும் எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்தது, அதனால் முதலில் மருந்து போடாமல் விட்ட குட்டிகள் உட்பட எல்லாவற்றையும் நிறுத்து, எல்லாவற்றுக்கும் அன்றைக்கே போட்டு, ஆண் குட்டிகளைப் புதிய விரிப்பு போட்ட கூண்டில் தந்தையோடு விட்டோம்.